விரல் பதியாத மேட்டு நிலம்

ராஞ்சியிலிருந்து நேதர்ஹாட் மலை வரை ஒரு நாள் பயணம்தான். அரசின் சேவைகள் அத்தனையும் இணையத்துக்குப் போய்விட்ட பிறகு, ஆதிவாசிகளுக்கு அந்தத் தொலைவு கூடியிருக்கிறது.

ராஞ்சியை விட்டு மேற்கே கும்லாவுக்குப் போகும் நெடுஞ்சாலையில் நகரம் எங்கே முடிகிறது என்று சொல்வது கடினம். அடுக்குமாடிகளுக்கு நடுவே திடீரென்று ஒரு நெல் வயல். அதையொட்டி மோட்டார் சைக்கிள் ஷோரூம். பிறகு சிவப்பும் வெள்ளையுமாகச் சர்ணா கொடி பறக்கும் சால் மரத் தோப்பு. இந்தக் கலவை மெல்லக் கலைந்து, மண் சுவர்களும் ஓட்டுக் கூரைகளுமாகக் கிராமங்கள் தென்படத் தொடங்கும் இடம் நக்ரி. பேருந்திலிருந்து இறங்கிப் பார்க்கும்படியாக இங்கே எதுவும் இல்லை. ஆனால் இந்திய ரேஷன் முறையின் வரலாற்றில் நக்ரிக்கு ஒரு பக்கம் உண்டு.

2017 அக்டோபரில் ஜார்கண்ட் அரசு இந்த பிளாக்கில் ஒரு சோதனையை ஆரம்பித்தது. அதுவரை மக்கள் ரேஷன் கடையில் கிலோ ரூ 1 கொடுத்து அரிசி வாங்கி வந்தார்கள். புதிய ஏற்பாட்டின்படி மானியத் தொகை வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். அதை எடுத்துக்கொண்டு போய் அதே கடையில், அதே அரிசியைக் கிலோ ரூ 32-க்கு வாங்கிக்கொள்ள வேண்டும். காகிதத்தில் இது கச்சிதமான திட்டம். நடப்பில் அது ஓர் அலைச்சலாக மாறியது. பணம் வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள வங்கிக்கு நடை. சிறு தொகையை வங்கியில் கொடுக்க மறுத்தால், ஊரில் கம்ப்யூட்டர் வைத்துச் சேவை நடத்தும் பிரக்யா கேந்திரத்துக்கு நடை. அங்கே விரல் வைத்துப் பணம் எடுத்த பின் ரேஷன் கடைக்கு நடை. குடும்பத்தில் நான்கு கணக்குகள் இருந்தால் பணம் எதில் விழும் என்பது இன்னொரு புதிர். ஆதார் எண் கடைசியாக எந்தக் கணக்குடன் இணைக்கப்பட்டதோ அதில் விழும் என்ற விதி யாருக்கும் சொல்லப்படவில்லை.

2018 பிப்ரவரியில் 13 கிராமங்களில் மாணவர்களும் தன்னார்வலர்களும் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார்கள். பணத்தை எடுத்து அரிசி வாங்கி வீடு திரும்ப ஒரு குடும்பம் சராசரியாகச் செலவிட்ட நேரம் 12 மணி. கேட்கப்பட்ட குடும்பங்களில் 97 சதவீதம் பழைய முறையே வேண்டும் என்றன. அந்த மாதமே நக்ரி மக்கள் தலைநகருக்கு ஊர்வலமாக நடந்து போனார்கள். ஆகஸ்டில் அரசு சோதனையைக் கைவிட்டது.

நக்ரியில் சாலை இருந்தது, வங்கி இருந்தது, செல்போன் சிக்னலும் இருந்தது. முதலமைச்சரின் வீட்டுக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரம். அப்படியிருந்தும் இந்தப் பாடு. சாலை மேற்கே போகப் போக இவை ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வருகின்றன.

நக்ரியைத் தாண்டினால் பேரோ, சிசை. இது ஒராவோன் மக்களின் பூமி. சோட்டாநாக்பூர் முழுக்க முண்டாக்கள், ஹோ, சந்தால், கடியா என்று பலர் வாழ்ந்தாலும் ஒராவோன்கள் பேசும் குரூக் மொழி மட்டும் வேறு குடும்பம். தமிழின் தூரத்து உறவு அது. குரூக்கில் ‘ஏன்’ என்றால் நான்; ‘நீன்’ என்றால் நீ. தண்ணீருக்கு ‘அம்ம்’ - பழந்தமிழின் ‘அம்’ வடக்கே வந்து நிற்பது போல. எதிரில் இருப்பவரையும் சேர்த்துச் சொல்லும் ‘நாம்’ அங்கேயும் ‘நாம்’தான், இந்திக்கு இல்லாத ஒரு நுணுக்கம் இது. ராஞ்சியிலும் ஜாம்ஷெட்பூரிலும் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களில் பலர் இந்த உறவைக் கவனித்திருக்க மாட்டார்கள். சந்தையில் எல்லோரும் பேசுவது சாத்ரி; அலுவலகங்களில் இந்தி.

2011 கணக்கெடுப்பின்படி குரூக் பேசுவோர் சுமார் 20 லட்சம் பேர். ஹோ பேசுவோர் 14 லட்சம், முண்டாரி 11 லட்சம். இவற்றில் எதுவும் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் இல்லை. 2003-ல் இடம்பெற்ற சந்தாலி மட்டும் விதிவிலக்கு. மாநில அளவில் நிலைமை மேல் என்று தோன்றும். 2011-லேயே குரூக், முண்டாரி, ஹோ, கடியா ஆகியவற்றை ஜார்கண்ட் இரண்டாம் ஆட்சி மொழிகளாக அறிவித்துவிட்டது. ஆனால் ஆட்சி மொழி என்பது இங்கே கௌரவப் பட்டம். ரேஷன் வந்ததற்கும், ஓய்வூதியம் நின்றதற்கும், கார்டு ரத்தானதற்கும் செல்போனுக்கு வரும் குறுஞ்செய்தி இந்தியில் அல்லது ஆங்கிலத்தில். மாநிலப் பழங்குடிகளில் எழுத்தறிந்தோர் 2011-ல் சுமார் 57 சதவீதம். மீதிப் பேருக்கு அந்தச் செய்தி எந்த மொழியில் வந்தாலும் ஒன்றுதான். பழைய காலத்துக் குமாஸ்தா முகத்தைச் சுளித்தாவது வாயால் சொல்வார்.

மொழியைவிடப் பெரிய வம்பு பெயர். சோட்டாநாக்பூரில் குழந்தை பிறந்த கிழமையையே பெயராக வைக்கும் வழக்கம் உண்டு. திங்கள் பிறந்தவன் சோம்ரா, செவ்வாய் மங்ரா, புதன் புத்வா, ஞாயிறு ஏத்வா. வியாழனில் பிறந்ததால்தான் பிர்சா முண்டாவுக்கு அந்தப் பெயர் என்பார்கள். ஊரில் கூப்பிடும்போது சிக்கல் இல்லை. கம்ப்யூட்டரில் தட்டும்போதுதான் வினை. ஆதார் முகாமில் உட்கார்ந்திருந்தவர் ஏத்வா என்று எழுதியதை ரேஷன் பட்டியல் ஐத்வா என்கிறது. வங்கிப் பாஸ்புக்கில் அதே ஆள் இத்வா. குலப் பெயரான ஒராவோன் இன்னும் மூன்று விதமாக எழுதப்படுகிறது. பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு ஆண்டை உத்தேசமாகக் குறித்து ஜனவரி 1 என்று போட்டுவிடுவார்கள். அதனால் கிராமத்தில் பாதிப் பேருக்கு ஒரே நாளில் பிறந்தநாள். மனிதக் கண்ணுக்கு இவை அற்ப விஷயங்கள். இயந்திரத்துக்கு ஏத்வா வேறு, இத்வா வேறு. இருவரும் ஒருவரே என்று நிரூபிக்கும் பொறுப்பு அந்த மனிதர் தலையில்.

அந்த நிரூபணத்துக்கான இடம்தான் பிரக்யா கேந்திரம். கும்லா நகரம் ராஞ்சியிலிருந்து நூறு கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. மாவட்ட மக்களில் கிட்டத்தட்ட 69 சதவீதம் பழங்குடியினர். பிளாக் ஆபீஸ் இருக்கும் தெருக்களில் நாலு கடைக்கு ஒன்று ஜெராக்ஸ், லாமினேஷன், ஆன்லைன் படிவம். ஜாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் மூன்றுக்கும் ‘ஜார்சேவா’ தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நிலப் பட்டா விவரம் ‘ஜார்பூமி’ தளத்தில். 1908-ன் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம் ஆதிவாசி நிலத்தை வெளியார் வாங்குவதைத் தடுக்கிறது. அந்தப் பாதுகாப்புக்கு ஆதாரம் தாத்தா காலத்துக் ‘கதியான்’ பதிவு. அது கணினிக்கு ஏறும்போது பெயரும் பரப்பளவும் மாறிப்போனதாக எழும் புகார்களுக்குக் குறைவில்லை. திருத்தவும் விண்ணப்பம் ஆன்லைனில்தான்.

எனவே தரகர் ஒழியவில்லை. சட்டை மாற்றிக்கொண்டார், அவ்வளவே. முன்பு தாலுகா வாசலில் மரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதியவர், இப்போது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அரசு நிர்ணயித்த கட்டணம் ஒன்று. கடையில் கேட்பது மற்றொன்று. கடவுச்சொல்லும் அவரிடமே. நேர்மையான கேந்திரக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், பழுதான பிரிண்டரோடும் போன கரண்டோடும் மல்லுக்கட்டி இரவு வரை ஊர்க்காரர்களுக்காக உட்காருகிறார்கள். ஆனால் திரையில் என்ன இருக்கிறது என்று படிக்கத் தெரியாதவர் விரலை நீட்டும்போது, எதற்காக நீட்டுகிறார் என்பது எதிரே இருப்பவரின் மனசாட்சியைப் பொறுத்தது. 2020 நவம்பரில் ஒரு பத்திரிகைப் புலனாய்வு ஜார்கண்டின் சிறுபான்மையினர் கல்வி உதவித்தொகை மோசடியை அம்பலப்படுத்தியது. சவுதி அரேபியாவிலிருந்து உதவிப் பணம் வந்திருக்கிறது என்று சொல்லி ஏழைகளிடம் ஆதாரும் விரல் ரேகையும் வாங்கி, உதவித்தொகையில் பெரும்பங்கைத் தரகர்கள் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

விரல் ரேகையின் கதை ரேஷன் கடையில் இன்னும் கடுமையானது. சால் இலையைத் தைத்து, கல் உடைத்து, வெயிலில் மஹுவாப் பூ பொறுக்கித் தேய்ந்த விரல்கள் கண்ணாடியில் பதிவதில்லை. பதிந்தாலும் மெஷின் சர்வரைத் தொட வேண்டும். சர்வர் கிடைக்காவிட்டால் ‘லிங்க் ஃபெயில்’. இன்று இந்தப் பிரதேசத்தில் எழுத்தறியாதவர்களுக்கும் தெரிந்த ஆங்கில வார்த்தைகள் இவை. இன்று போய் நாளை வா என்பதன் நவீன வடிவம். நாளை வருவதென்றால் ஒரு நாள் கூலி போகும். மத்திய அரசின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கையே விரல் ரேகைச் சரிபார்ப்பு தோல்வியடையும் விகிதம் பற்றிய மதிப்பீடுகளைத் தந்தபோது, குஜராத்துக்கு 6 சதவீதம் என்றது. ஜார்கண்டுக்கு 49 சதவீதம்.

அதே சமயத்தில்தான் மாநில நிர்வாகம் ஆதாருடன் இணையாத கார்டுகளை ரத்து செய்யத் தீர்மானித்தது. 11 லட்சத்துக்கும் மேற்பட்ட போலிக் கார்டுகள் ஒழிந்ததாக 2017-ல் பெருமை பேசப்பட்டது. செப்டம்பரில் கும்லாவுக்குத் தெற்கே சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். அவள் வீட்டுக் கார்டு ஆதார் இணைப்பு இல்லாததால் ரத்தாகியிருந்தது. சோறு கேட்டுக்கொண்டே செத்தாள் என்றார் தாய். மலேரியா என்றது நிர்வாகம். எந்த நோயாக இருந்தாலும் அந்த வீட்டில் மாதக்கணக்கில் ரேஷன் அரிசி இல்லை என்பது உண்மை. ஆதார் இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என மத்திய அரசு அந்த அக்டோபரில் சுற்றறிக்கை விட்டது. பிற்பாடு கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார நிபுணர்கள் ஜார்கண்டில் நடத்திய விரிவான ஆய்வு, ரத்தான கார்டுகளில் ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது உண்மையான குடும்பங்களுடையவை என்று கண்டது. போலி என்று நீக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் ரத்தமும் சதையுமாக இருந்தவர்கள்.

இயந்திரத்தின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. அது வருவதற்கு முன் டீலர் வைத்ததே சட்டம். நோட்டில் ஒன்று எழுதி மூட்டையில் வேறொன்று போடும் கலையில் பலர் வல்லவர்கள். திருப்பூரில் தையல் வேலைக்குப் போயிருக்கும் கும்லாப் பெண் அங்கேயே தன் பங்கு அரிசியை வாங்கிக்கொள்ள முடிவதும் இந்த மெஷினால்தான். ஆனால் எடையில் அடிக்கும் டீலரை மெஷின் தடுப்பதில்லை. ஐந்து கிலோவுக்கு விரலை வாங்கிக்கொண்டு நான்கரை அளந்தால் பதிவில் ஐந்து என்றே இருக்கும். இப்போது அந்தத் திருட்டுக்கு வாடிக்கையாளரின் கைநாட்டும் சாட்சி.

வேலை உறுதித் திட்டத்திலும் இதே கதை அரங்கேறியது. 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் பணியிடங்களிலும் தொழிலாளர்களைக் காலையும் பிற்பகலும் செல்போன் செயலியில் படம் பிடித்து ஏற்ற வேண்டும் என்றானது. மண் வெட்டி முடித்துப் பத்து மணிக்கே வீடு திரும்பக்கூடிய பெண்கள் இரண்டாவது படத்துக்காகக் காத்திருந்தார்கள். சிக்னல் கிடைக்காமல் படம் ஏறாவிட்டால் வெட்டிய மண் வெட்டியதுதான், கூலி கேள்விக்குறி. அந்த ஆண்டு ஜார்கண்டிலிருந்து உட்படப் பல மாநிலத் தொழிலாளர்கள் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்து முறையிட்டார்கள். 2024 ஜனவரியில் ஆதார் வழிக் கூலி கட்டாயமானது.

கும்லாவிலிருந்து வடக்கே திரும்பும் சாலை காக்ராவையும் பிஷுன்பூரையும் கடந்து பனாரியில் மலையடிவாரத்தைத் தொடுகிறது. அதன் பிறகு கொண்டை ஊசி வளைவுகள், மூங்கில், சால், திடீரென்று குளிர். உச்சியில் சுமார் 3,700 அடி உயரத்தில் நேதர்ஹாட். ‘சோட்டாநாக்பூரின் ராணி’ என்று சுற்றுலாத் துறை அழைக்கும் ஊர். பைன் மரங்கள், பேரிக்காய்த் தோட்டங்கள், 1954-ல் தொடங்கிய புகழ்பெற்ற உறைவிடப் பள்ளி. அஸ்தமனம் பார்க்க வங்காளத்திலிருந்து வரும் குடும்பங்கள் மாலையில் மேக்னோலியா பாயின்ட்டில் கூடிவிடும். ஐஏஎஸ் அதிகாரிகளை அள்ளித் தந்த பள்ளிக்கூடம் இருக்கும் அதே மேட்டு நிலத்தில்தான் அசுர்களும் இருக்கிறார்கள்.

தட்டையான உச்சி கொண்ட மலைகளை இங்கே ‘பாட்’ என்கிறார்கள். ஒவ்வொரு பாட்டிலும் பாக்சைட் சுரங்கம், லாரிகள், இலைகளின் மேல் செம்புழுதி. ஒரு காலத்தில் சால் மரக்கரியால் இரும்பு உருக்கிய இனம் அசுர். 2011-ல் ஜார்கண்டில் அவர்கள் எண்ணிக்கை சுமார் 22 ஆயிரம். மொழி அழிவின் விளிம்பில் இருப்பதாக யுனெஸ்கோ பட்டியலிட்டிருக்கிறது. பிர்ஹோர், கோர்வா, பர்ஹையா, பஹாடியா போன்றவர்களோடு, மிக நலிந்த பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்திய கூட்டத்தில் இவர்களும் அடக்கம். இத்தகைய குடும்பங்கள் அனைத்துக்கும் அந்தியோதயா கார்டு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2003-லேயே ஆணையிட்டது. மாதம் 35 கிலோ அரிசி.

இந்த 35 கிலோ விஷயத்தில் ஜார்கண்ட் ஒரு நல்ல காரியம் செய்தது. கார்டுகளை ரத்து செய்துகொண்டிருந்த அதே 2017-ல், அதே அரசு, ஏப்ரலில் ‘டாகியா’ திட்டத்தைத் தொடங்கியது. டாகியா என்றால் தபால்காரர். நலிந்த பழங்குடிக் குடும்பங்கள் கடைக்கு வர வேண்டாம். முத்திரையிட்ட மூட்டையில் அரிசி வீட்டு வாசலுக்கு வரும். ஒரே நிர்வாகத்தின் இடது கையும் வலது கையும் இவ்வளவு வேறுபட்ட யோசனைகளை ஒரே மாதத்தில் யோசித்தது விசித்திரம்தான். டாகியாவிலும் ஓட்டைகள் உண்டு. வாசல் என்பது சில இடங்களில் அடிவாரப் பள்ளிக்கூடத்தோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து மூட்டையை மேலே சுமப்பது குடும்பத்தின் பாடு. சில மாதங்கள் தவறுகின்றன. முத்திரை உடைந்து எடை குறைந்து வருவதாகவும் புகார்கள் உண்டு. ஆனாலும் மலைவாசி விரலைத் தூக்கிக்கொண்டு அரிசியைத் தேடி நடப்பதற்குப் பதில் அரிசி அவனைத் தேடி நடக்க வேண்டும் என்று ஓர் அரசாங்கக் கோப்பு ஒப்புக்கொண்டது சாதாரண விஷயமில்லை.

2023 நவம்பர் 15-ல், பிர்சா முண்டாவின் பிறந்தநாளன்று, பிரதமர் குந்தி நகரில் ‘பிஎம் ஜன்மன்’ திட்டத்தைத் தொடங்கிவைத்தார். நலிந்த பழங்குடிகளுக்காகச் சுமார் ரூ 24 ஆயிரம் கோடி. வீடு, சாலை, குடிநீர், கூடவே செல்போன் கோபுரம். கோபுரங்கள் வரட்டும். ஆனால் நக்ரிக்காரர்களுக்குக் கோபுரம் இருந்தது என்பதை யாராவது கோப்பில் குறித்து வைப்பது நல்லது. 2025-ல் ரேஷன் கார்டிலுள்ள ஒவ்வொரு உறுப்பினரும் மறுபடி விரல் வைத்து ‘இ-கேஒய்சி’ முடிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டது. முடிக்காதவர் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும் என்ற எச்சரிக்கையும் கூடவே வந்தது. எட்டு ஆண்டுகளில் எச்சரிக்கையின் தொனி மட்டும் மாறவில்லை.

பாட் பகுதியின் வாரச் சந்தைகளுக்கு இப்போது வேறொரு குரலும் வருகிறது. 2020 ஜனவரியில் அசுர்கள் சிலர் ஜார்கண்டின் மொழி, பண்பாட்டு ஆர்வலர்களோடு சேர்ந்து ‘அசுர் அகடா மொபைல் ரேடியோ’வை ஆரம்பித்தார்கள். ரேடியோ என்பது பெயருக்குத்தான். அலைவரிசை இல்லை, இணையம் இல்லை, உரிமக் கட்டணம் இல்லை. செய்தி, பாட்டு, ஊர்க்கதை, அரசு அறிவிப்புகளைப் பற்றிய விளக்கம் எல்லாவற்றையும் அசுர் மொழியில் ஒலிப்பதிவு செய்து, சந்தை கூடும் இடத்தில் ஒலிபெருக்கியில் போட்டுவிடுகிறார்கள். கொரோனா காலத்தில் நோய் பற்றிய தகவல் பலருக்குச் சொந்த மொழியில் கிடைத்த வழி இது. அதே காலத்தில் தும்கா மாவட்டத்தில் ஒரு பள்ளித் தலைமை ஆசிரியர் கிராமத்து மரங்களில் ஒலிபெருக்கி கட்டிப் பாடம் நடத்தினார். நாடு முழுவதும் ஆன்லைன் வகுப்பு பற்றிப் பேசிக்கொண்டிருந்த 2021 ஆகஸ்டில், பல மாநிலங்களில் நடந்த ஒரு கணக்கெடுப்பு கிராமப்புறத் தலித், ஆதிவாசிப் பிள்ளைகளில் ஒழுங்காக ஆன்லைனில் படிப்பவர்கள் 4 சதவீதம் என்றது.

சந்தையில் உப்பும் உருளைக்கிழங்கும் ஒரு பக்கம், கோழிகள் ஒரு பக்கம், அலுமினியப் பாத்திரங்களில் ஹடியா கள் ஒரு பக்கம். நடுவே ஒலிபெருக்கி பேசும்போது கூடைக்காரிகள் பேரத்தை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்கள். தங்கள் மொழி யந்திரத்திலிருந்து வருவதைப் பார்த்துச் சிறுசுகளுக்குச் சிரிப்பு. கிழவர்களுக்குச் சந்தேகம், இன்னொரு முறை போடச் சொல்கிறார்கள். அதற்குள் வெயில் சாய்ந்துவிடுகிறது. பாக்சைட் லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு பனாரி நோக்கி இறங்கத் தொடங்குகின்றன. சந்தைக்காரர்கள் மீதி உப்பை மூட்டை கட்டுகிறார்கள், ரேஷன் மெஷின் இந்த வாரம் வேலை செய்ததா என்று ஒருவரையொருவர் விசாரித்தபடி.